சத்தமில்லாமல் வருகிறவன்

நோர்வேயிலும் ஸ்கொட்லாந்திலும் இருக்கிற நம் ஆட்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் காணொளிகளில் ஒருவகை அடிக்கடி வரும். கண்ணாடி விரித்தமாதிரிக் கடல், கயாக் என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகின் மூக்கு, துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர். பத்துப் பன்னிரண்டு மீற்றர் தள்ளி ஒரு உருண்டைத் தலை எழும்பும். மீசை, கறுத்த பெரிய கண். ஒரு மூச்சு விட்டுவிட்டு நம்மைப் பார்க்கும், பிறகு சத்தமில்லாமல் தாழும். அதுதான் சீல், கடல்நாய். கீழே எழுதியிருப்பதும் எப்போதும் ஒன்றுதான்: நான் சத்தமே போடவில்லை, அதுவே பக்கத்தில் வந்தது. அதே ஆட்கள் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்து, எங்காவது ஒரு பிளாஸ்டிக் கயாக்கைப் பிடித்து, மண்டைதீவுப் பக்கமோ அராலிப் பக்கமோ கடலேரியில் இறங்கி, பூநாரைக் கூட்டத்தை நோக்கி அதே மாதிரிப் பூனை நடையில் போகிறார்கள். இருநூறு மீற்றர் இருக்கும்போதே கூட்டம் முழுவதும் எழும்பிவிடுகிறது. அரை மணித்தியாலம் முன்னர் எஞ்சின் பூட்டிய வள்ளம் ஒன்று அதைவிடக் கிட்டவாகத் தடதடவென்று போனபோது ஒரு பறவைகூட அசையவில்லை.

"சித்தப்பா, நான் மூச்சுக்கூட விடேல்லை. அவையள் அவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டு போகினம், எழும்பேல்லை. எனக்கு மட்டும் ஏன்?" என்று வந்த பிள்ளை கேட்கும். கரையில் வலை தட்டிக்கொண்டிருக்கிறவர் தலையை நிமிர்த்தாமலே சொல்வார்: "சத்தமில்லாமல் வாறவன் கள்ளன்தானே தம்பி."

பகிடியாகச் சொல்வதுதான். ஆனால் சத்தம் போடாமல் போவதுதான் மிருகத்துக்குச் செய்யும் மரியாதை என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதை அந்த ஒரு வரி போட்டு உடைத்துவிடுகிறது. கயாக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அதன் அமைதியைத்தான் புகழ்கிறார்கள். அமைதி யாருக்கு என்று கேட்பதில்லை.

வேட்டைக்குப் பிறந்த படகு

கயாக்கின் பிறப்பை எடுத்துப் பாருங்கள். வடதுருவத்து மக்கள், இனுவிட்டும் அவர்களுடைய முன்னோரும், கரையொதுங்கிய மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, கடல்நாய்த் தோலைப் போர்த்தி, நரம்பால் தைத்துச் செய்த படகு அது. உல்லாசத்துக்குச் செய்யவில்லை. கடல்நாயின் காதுக்கும் கண்ணுக்கும் தெரியாமல் ஈட்டி எறியும் தூரத்துக்குள் போய்ச் சேருவதற்காகச் செய்தது. கிறீன்லாந்து வேட்டைக்காரர் முன்பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணித் திரையும் கட்டுவார்கள், பார்க்கிற கடல்நாய்க்கு மிதக்கும் பனிக்கட்டி மாதிரித் தெரியட்டும் என்று. தாழ்வான உருவம், ஒடுங்கிய மூக்கு, எஞ்சின் இல்லாத நகர்வு: இன்று நாம் கயாக்கின் அழகு என்று சொல்கிற ஒவ்வொன்றும் அன்று ஆயுதத்தின் பகுதி. தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் வந்துவிட்டது, உருவம் மாறவில்லை.

அதைவிட முக்கியம் நடை. தொழிலுக்குப் போகிற வள்ளம் ஒரே வேகத்தில், ஒரே திசையில், தன் வலையைப் பார்த்துப் போகிறது. தாங்குகம்பு ஊன்றிப் போகிறவர் எழும்பி நிற்கிறார், அரைக் கிலோமீற்றருக்கு அப்பாலேயே தெரிவார். பறவையை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கயாக்கில் வருகிறவரோ குனிந்து இருக்கிறார், துடுப்பால் நாலு போடு போடுகிறார், நிற்கிறார், பார்க்கிறார், திரும்பவும் இரண்டு போடு. நரி வருவதும் கோழிக்குப் பின்னால் பூனை வருவதும் இப்படித்தான். அமெரிக்காவின் பசிபிக் கரையில் கடல்நாய்களை வைத்துச் செய்த கவனிப்பிலும் இதுவே தெரிந்தது. நிற்காமல் கடந்துபோன இயந்திரப் படகுகள் அவற்றைப் பெரிதாகக் கலைக்கவில்லை; நின்று பார்த்த படகுகளும் கயாக்குகளும்தான் பாறையிலிருந்து தண்ணீருக்குள் விரட்டின. கரையில் வலை தட்டுகிறவர் சொன்னது சும்மா இல்லை.

வடக்கே இருக்கிறவர்களுக்கு

குளிர்நாட்டில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விபரமாக. நோர்வே, ஸ்கொட்லாந்துக் கரைகளில் பொதுவாகக் காண்பது இரண்டு இனம். நோர்வேக்காரர் ஸ்டைன்கொப்பே என்பது சின்னது, ஒன்றரை மீற்றருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், நாய்க்குட்டி முகம், மூக்குத்துளை இரண்டும் கீழே சேர்ந்து வி எழுத்துப் போலத் தெரியும். ஹாவெர்ட் என்பது பெரியது, ஆண் இரண்டு மீற்றரைத் தாண்டும், நீண்ட குதிரை மூக்கு, துளைகள் பக்கம்பக்கமாகப் பிரிந்து நிற்கும். முதலாவது ஆனி, ஆடியில் குட்டி போடும். அந்தக் குட்டி பிறந்த சில மணித்தியாலத்திலேயே நீந்தும். இரண்டாவது இலையுதிர் காலத்தில் போடும். வெள்ளை மயிர்க் குட்டி கரையிலேயே கிடந்து, மூன்று கிழமைக்குள் தாயின் பாலை மட்டும் குடித்து நாளுக்கு இரண்டு கிலோ அளவில் ஏறும். தாய் அந்த நாட்களில் பெரும்பாலும் பட்டினி. அந்த நேரம் தாயைத் தண்ணீருக்குள் கலைத்தால் குட்டிக்குப் போகிற ஒவ்வொரு வேளையும் இழப்புத்தான். குட்டிக் காலம் முடிந்து ஆவணியில் ஸ்டைன்கொப்பே மயிர் உதிர்க்கும். புது மயிர் முளைக்கத் தோலுக்குச் சூடான இரத்தம் ஓடவேண்டும். அப்போது அடிக்கடி குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்கினால் உடம்புச் சூடு வீணாகும். பாறையில் கிடக்கிற கடல்நாய் சோம்பலில் கிடக்கவில்லை, வேலை செய்துகொண்டு கிடக்கிறது.

பிரித்தானியாவில் பொதுவாகச் சொல்கிற இடைவெளி 100 மீற்றர். ஸ்கொட்லாந்தில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2014இல் கடல்நாய்கள் ஏறிக் கிடக்கும் இடங்கள் பலவற்றைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அங்கே வேண்டுமென்று கரைச்சல் கொடுப்பது குற்றம். 100 மீற்றரைத் தண்ணீரில் இருந்து எப்படி அளப்பது? கையை நேரே நீட்டி, சுண்டுவிரல் நகத்தைப் பக்கவாட்டில் கிடக்கிற ஸ்டைன்கொப்பேக்கு நேரே பிடியுங்கள். நகத்தின் அகலம் ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, கண்ணில் இருந்து கை அறுபது சென்ரிமீற்றர். உடம்பு முழுவதும் நகத்துக்குள் அடங்கினால் ஏறக்குறைய 100 மீற்றரில் இருக்கிறீர்கள். நகத்தைத் தாண்டி வால் தெரிந்தால் கிட்ட வந்துவிட்டீர்கள்.

தண்ணீரில் அதுவாகவே வருவது வேறு கதை. கயாக்கின் பின்னால் மிதந்து வரும், துடுப்பை மணக்கும், சிலது கடித்தும் பார்க்கும். வரட்டும். நீங்கள் நேரே, அதே வேகத்தில் போய்க்கொண்டிருங்கள், திரும்பித் துரத்தவேண்டாம், கையை நீட்டவேவேண்டாம். கடல்நாய்க் கடியில் விரல் வீங்கி மூட்டு இறுகிப்போகிற தொற்று ஒன்று இருக்கிறது. வழமையான பென்சிலின் அதற்குக் கேட்காது, ரெற்றாசைக்கிளின் வகை மருந்துதான் வேண்டும். வைத்தியரிடம் கடல்நாய் கடித்தது என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும்.

இன்னொன்று, காற்றில்லாத மாலை அங்கே ஏமாற்றும். வெயில் முகத்தில் அடிக்கும், தண்ணீர் பத்துப் பன்னிரண்டு பாகையில் இருக்கும். கவிழ்ந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்துவதற்கு, அடுத்த பத்து நிமிடம் கைவிரல் வேலை செய்யும் காலம், அதன் பிறகு நினைவு இருக்கும் ஒரு மணித்தியாலம் என்று அங்கே கணக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆகவே உடுப்பு தண்ணீருக்குத்தான், வெயிலுக்கு இல்லை. தண்ணீர் புகாத ட்ரை சூட் உடுப்பு இல்லாமல் ரீசேட்டோடு போய் எடுத்த காணொளியைப் பார்க்கும்போது கடல்நாயைவிட எடுத்தவரைப் பற்றித்தான் எனக்குப் பயம் வருகிறது.

முதல் தலை நிமிரும்போது

கடல்நாயோ பூநாரையோ, எல்லாம் தீர்மானமாகிற கணம் ஒன்று இருக்கிறது. அது கூட்டம் எழும்புகிற கணம் இல்லை. அதற்கு ஒரு நிமிடம், சிலவேளை மூன்று நிமிடம் முந்தியது.

நிம்மதியாகக் கிடக்கிற கடல்நாய் தலையையும் வால்பக்கத்தையும் தூக்கி, கதலிப்பழம் போல வளைந்து கிடக்கும், நனையாமல் இருப்பதற்கு. முதலில் ஒன்று தலையை உங்கள் பக்கம் திருப்பும். பிறகு இரண்டு, மூன்று. அடுத்தது வயிற்றை இழுத்து ஒரு அடி தண்ணீர்ப் பக்கம் நகரும். அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியாது, ஒன்று விழுந்தால் எல்லாம் விழும். பூநாரையில் இதே படிகள் இன்னும் தெளிவாகத் தெரியும். மேய்கிற பூநாரையின் தலை தலைகீழாகத் தண்ணீருக்குள் இருக்கும், வளைந்த அலகின் மேற்பாதி கீழே. கால்களால் மாறிமாறிச் சேற்றை மிதித்து, வட்டமாகச் சுற்றிச் சுற்றி, கிளம்புகிற சின்ன உயிர்களை வடிகட்டித் தின்னும். வற்றுக் காலத்தில் சேற்றில் அந்த வட்டக் குழிகள் அப்படியே கிடக்கும், யாரோ அம்மியைச் சுழற்றி எடுத்தமாதிரி. தலை உள்ளே இருக்கிறவைக்கு ஒன்றும் தெரியாது, அதனால் கூட்டத்தில் எப்போதும் சிலது கழுத்தை நேரே நிமிர்த்திக் காவல் நிற்கும். நூறு பறவையில் ஏழெட்டு நிமிர்ந்து நிற்பது சாதாரணம். அந்த ஏழெட்டு இருபது ஆகும்போது கவனிக்கவேண்டும். அடுத்த படியில் மேய்ச்சல் நின்றுவிடும். தாரா கத்துவதுபோலத் தாழ்ந்த குரல் கூட்டத்துக்குள் ஓடும். அதற்கு அடுத்தது, எல்லாம் ஒரே பக்கமாக, கழுத்தை நீட்டிக்கொண்டு, நடக்கத் தொடங்கும். பார்க்க ஊர்வலம் போல அழகாக இருக்கும். அநேகமானவர்கள் கமெராவை எடுப்பது அந்த நேரத்தில்தான், அதுதான் பிழை. பூநாரையால் நின்ற இடத்தில் இருந்து எழும்ப முடியாது, தண்ணீரில் ஓடித்தான் எழும்பவேண்டும். அந்த ஊர்வலம் ஓடுபாதையைத் தேடுகிற நடை.

செய்யவேண்டியது முதல் படியில், இருபது கழுத்து நிமிரும்போது. அப்போதும் ஆட்கள் செய்கிற வேலை கயாக்கைச் சட்டென்று திருப்புவது. அப்படித் திருப்பினால் மூன்று மீற்றர் நீளப் பக்கம் முழுவதும் அவற்றுக்கு ஒரேயடியாகத் தெரியும், துடுப்பும் மேலே சுழன்று வெயிலில் பளீரென்று அடிக்கும். திருப்பவேண்டாம். மூக்கை அப்படியே வைத்துக்கொண்டு, துடுப்பின் அலகைத் தோளுக்குக் கீழேயே வைத்து, பின்பக்கமாகச் சின்னச் சின்னப் போடாகப் போட்டு முப்பது நாற்பது மீற்றர் பின்வாங்குங்கள். பிறகு நில்லுங்கள். கழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாழும். தாழாவிட்டால் இன்னும் பின்னே. பின்வாங்கிய பிறகு திரும்பிப் போவதானால் அவற்றின் பக்கவாட்டில் சரிந்து போகவேண்டும், எங்கே போகிறீர்கள் என்று அவற்றுக்கு விளங்கும்படி.

பறவையை நோக்கிக் கிட்டப் போகும்போதும் அதே விதிதான். ஒளிந்து போகாதீர்கள். கண்டல் மறைவில் பதுங்கிப் போய்த் திடீரென்று வெளியே வருவதுதான் உலகத்திலேயே மோசமான முறை. திறந்த தண்ணீரில், தூரத்திலேயே தெரியும்படி, ஒரே வேகத்தில், அவற்றை நேரே குறிவைக்காமல் சரிவாக வாருங்கள். இருவர் போனால் சாதாரணக் குரலில் கதைத்துக்கொண்டே போகலாம். குசுகுசுப்பதைவிட அது நல்லது. நின்று பார்க்கும் தூரத்துக்கு நான் வைத்திருக்கிற கணக்கு 150 மீற்றர், இடம் பழகாத ஆளுக்கு 200. அதே நீட்டிய கை: தண்ணீருக்கு மேலே ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகத் தெரிகிற பூநாரை சுண்டுவிரல் நகத்தின் அகலத்தில் அரைப்பங்கு உயரம் என்றால் ஏறக்குறைய 150. அந்த அகலம் முழுவதையும் நிரப்பினால் எழுபது எண்பதுதான், அந்தத் தூரத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பறக்கிற பூநாரையாகத்தான் இருக்கும்.

நம்முடைய மாலை

பூநாரை வருவது வாடைக் காலத்தோடு. ஆனால் கார்த்திகை, மார்கழியில் வாடை கயாக்குக்கு இடம் கொடுக்காது. தை நடுவில் இருந்து மாசி முடிவு வரைக்கும்தான் பறவையும் இருக்கும், காற்றும் பிற்பகலில் தணியும். தைப்பனி தரையைத் துளைக்கும் என்கிற மாலைகள். ஐந்து மணிக்குப் பிறகு தண்ணீர் எண்ணெய் ஊற்றினமாதிரிக் கிடக்கும். சூரியன் ஆறேகால் போல விழுகிறது, அதற்குப் பிறகு இருபது நிமிடம்தான் வெளிச்சம். நோர்வேயின் ஆனி மாலைபோல இழுத்துக்கொண்டே போகாது. ஆறு மணிக்கு மூக்கு கரையைப் பார்த்திருக்கவேண்டும். தலையில் ஒரு வெள்ளை விளக்கு கட்டாயம், பறவையைப் பார்க்க இல்லை, இருட்டில் வருகிற எஞ்சின் வள்ளத்துக்கு நீங்கள் தெரிவதற்கு.

வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்தால் நிறம் நன்றாகத் தெரியும் என்பது கமெராக்காரர் பாடம். அது உண்மை, செட்டை விரியும்போது உள்ளே இருக்கிற செம்பவளமும் கறுப்பும் அப்போதுதான் எரியும். ஆனால் பறவைக்கு நீங்கள் சூரியனுக்கு முன்னால் நிற்கிற கறுத்த உருவம். வெயில் தோளுக்குப் பக்கத்தில் இருக்கும்படி சரிந்து நில்லுங்கள், இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. தொலைநோக்கி ஏழு அல்லது எட்டு மடங்கு போதும். பத்து மடங்கு கரையில் நல்லது, கயாக்கில் உங்கள் மூச்சே படத்தை ஆட்டும்.

கடலேரியின் பெரும்பகுதி முழங்காலில் இருந்து இடுப்பு வரைதான். பெருக்குக்கும் வற்றுக்கும் வித்தியாசம் அரை மீற்றர் அளவில்தான், ஆனால் தரை அவ்வளவு சமதளம் என்பதால் அந்த அரை மீற்றர் போதும், வந்த வழி சேறாகிவிடும். வற்று நேரத்தில் கடலேரியின் ஆழம் குறைந்த கிளைகளுக்குள் போகவேண்டாம். சேற்றில் இறங்கித் தள்ள நினைத்தால் முழங்கால் வரை புதையும், உடைந்த சிப்பி காலைக் கிழிக்கும். இறங்கத்தான் வேண்டுமென்றால் செருப்பில்லாமல் இறங்காதீர்கள், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடவுங்கள். கிடக்கிற திருக்கை விலகிப்போகும், மிதித்தால் குத்தும். பண்ணைப் பாலத்து மதகுகளுக்குக் கிட்ட நீரோட்டம் இழுக்கும், காரைநகர்ப் பக்கம் கடற்படையின் இடம், இரண்டையும் விடுங்கள்.

உண்மையான தொல்லை வலை. சிறகுவலைத் தடிகள் வரிசையாகத் தெரியும், அவற்றுக்கு இடையில் ஒரு சாண் தண்ணீருக்குக் கீழே ஓடுகிற கயிறு தெரியாது. பழைய தடிகள் முறிந்து தண்ணீர் மட்டத்தில் நிற்கும். இப்போது கடலட்டைப் பண்ணைகளின் அடைப்புகளும் சேர்ந்துவிட்டன. கயாக்கின் அடியில் செட்டை இருந்தால் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் முதலில் மாட்டும். மாட்டினால் இழுக்காதீர்கள், வெட்டவே வேண்டாம். பின்பக்கம் போட்டு வந்த வழியே வெளியே வந்து, வரிசையின் முடிவைச் சுற்றிப் போங்கள். அந்த வலை ஒருவருடைய அன்றைய சாப்பாடு. இறங்குமுன்னர் கரையில் இருக்கிறவரிடம் "அண்ணை, எந்தப் பக்கத்தால வலையில்லாமல் போகலாம்?" என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார். பறவை எங்கே நிற்கிறது என்றும் அவருக்குத்தான் தெரியும்.

நின்று பார்க்க ஒரு ஊன்றுகம்பு வேண்டும். காற்றே இல்லை என்று நினைக்கிற மாலையிலும் கயாக் இழுபடும். மணிக்கு ஒரு கிலோமீற்றர் என்றாலும் நிமிடத்துக்குப் பதினேழு மீற்றர். 150இல் நின்றவர் கண்ணைத் தொலைநோக்கியில் வைத்திருக்கிற ஐந்து நிமிடத்தில் எழுபதுக்குள் போய்விடுவார், தான் நகரவே இல்லை என்று சத்தியமும் செய்வார். வடக்கே பாறைக் கரைகளில் ஆட்கள் கடற்பாசித் தண்டைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நம்முடைய சேற்றுக்கு இரண்டரை மீற்றர் மூங்கில் ஒன்று, அடி சீவியது, போதும். கண்டலில் வெட்டாதீர்கள். பக்கவாட்டில் இருந்துகொண்டு குத்தவேண்டாம். மூக்குப் பக்கம் சரித்துக் குத்தி, கயிற்றை மூக்கு வளையத்தில் உருவு முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள், நுனி கைக்கு எட்டும்படி. நடுவில் கட்டினால் காற்று மாறும்போது கயாக் குறுக்காக நின்று கவிழப் பார்க்கும்.

பிறகு துடுப்பை மடியில் வைத்துவிட்டு இருக்கலாம். காவல் கழுத்துகள் சில உங்களைப் பார்க்கும், ஒன்றும் நடக்காதபடியால் பார்வையை எடுக்கும். சூரியன் இறங்க இறங்க மேய்ச்சல் கூடும். பூநாரை இரவிலும் மேயும், இருட்டு அதற்குத் தடையில்லை. கிட்டவாக நெடுங்கால் உள்ளான்கள் வந்து இறங்கினால், உங்களை ஒரு கட்டையாக ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆறு மணிக்குக் கம்பைப் பிடுங்கும்போது நேரே மேலே இழுக்காதீர்கள்: சேறு விடாது, கயாக்தான் கம்பின் பக்கம் சாயும், துடுப்பு தண்ணீரில் விழும், அந்த ஒரு சத்தத்துக்கு எல்லாம் எழும்பும். கம்பை இடமும் வலமும் மெதுவாகத் திருகினால் அடியில் தண்ணீர் புகுந்து, தானாகவே கைக்கு வந்துவிடும்.